மூன்றாம் கியரில் ஒரு நொடி

ஸ்டுட்கார்ட் நகரம் ஒரு கொப்பரைக்குள் உட்கார்ந்திருக்கிறது. உள்ளூர்க்காரர்களும் அதை அப்படித்தான் சொல்வார்கள்: கெஸ்ஸல். சுற்றிலும் சரிவுகள், அங்கங்கே திராட்சைத் தோட்டங்கள், நடுவில் ஊர். மையத்திலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் மேடேறித்தான் ஆகவேண்டும். நான் தினமும் ஏறுவது நோயே வைன்ஷ்டைக என்ற சாலை. டேகர்லோக் வரைக்கும் விடாத ஏற்றம். கூடவே மஞ்சள் டிராம் ஏறி வரும். நடுவில் ஓரிடத்தில் கீழே ஊர் முழுவதும் விரிந்து தெரியும்.

அந்த ஏற்றத்தில் ஒரு சிக்னல். பச்சை விழுந்ததும் முதல் கியர், இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மூன்றாவது விழும்போது என்ஜின் நிமிடத்துக்கு 1,400 சுற்றில் இருக்கும். அப்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக, ஒரு விரல் கனத்துக்கு, அழுத்தினால் போதும். யாரோ பின்னாலிருந்து உள்ளங்கையை வைத்துத் தள்ளியதுபோல் கார் மேலே நகரும். இரைச்சல் இல்லை, உதறல் இல்லை. டீசல் கார் ஓட்டியவர்களுக்கு இந்தத் தள்ளல் தெரியும். பெட்ரோல் காரில் வேகம் உண்டு. இது அதில் கிடையாது.

2019 ஏப்ரலில் அந்தத் தள்ளல் என் காரிலிருந்து காணாமல் போனது.

முதலில் கடிதத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 இலையுதிர் காலத்தில் கார் நிறுவனத்திடமிருந்து தபால் வந்தது. உங்கள் வாகனத்துக்கு ஒரு மென்பொருள் மேம்பாடு தயாராக இருக்கிறது, இலவசம், அரை மணி நேர வேலை, இதனால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும் என்று எழுதியிருந்தார்கள். எந்த நிறுவனம் என்று நான் இங்கே எழுதவில்லை. அந்த நாட்களில் இப்படிக் கடிதம் அனுப்பியவர்கள் பலர். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஃபோக்ஸ்வாகனின் குட்டை உடைத்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில், சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் நடக்கும் மென்பொருள் இருந்தது. என் கார் அவர்களுடையது அல்ல. ஆனால் அந்தப் பூகம்பத்துக்குப் பிறகு எல்லா டீசல் கார்களின் மேலும் வெளிச்சம் விழுந்தது. 2017 ஆகஸ்ட் 2 அன்று பெர்லினில் அரசும் கார் நிறுவனங்களும் உட்கார்ந்து பேசின. ஜெர்மனியில் ஓடும் 53 லட்சம் டீசல் கார்களின் மென்பொருளை மாற்றித் தருவதாக நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. எனக்கு வந்த கடிதம் அந்த ஒப்புதலின் பிள்ளை.

நான் தயங்கவே இல்லை. இந்த ஊரில் காற்று எப்படி என்று எனக்குத் தெரியும். நெக்கார்டோர் என்ற இடத்தில், பெருஞ்சாலையை ஒட்டி, காற்றை அளக்கும் ஒரு பெட்டி நிற்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். 2017இல் அந்தப் பெட்டி காட்டிய சராசரி 73. கொப்பரைக்குள் காற்று சரியாகப் புரளாது. விட்ட புகை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். என் மகளின் மழலையர் பள்ளி அந்தச் சாலையிலிருந்து நடக்கும் தூரம்தான். இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறார்கள், அப்புறம் என்ன யோசனை?

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை காரைக் கொண்டுபோய் விட்டேன். காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. மெக்கானிக் ஒரு கேபிளைச் செருகினார், திரையில் ஒரு பட்டை இடமிருந்து வலமாக நிரம்பியது, அவ்வளவுதான். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். எரிபொருள் செலவு, சக்தி, டார்க் என்னும் முறுக்குவிசை, சத்தம், எதிலும் மாற்றம் இருக்காது என்று அதில் அச்சடித்திருந்தது. அன்று மாலை வெளியே 6 டிகிரி. வைன்ஷ்டைக ஏறினேன். அதே சிக்னல், அதே மூன்றாவது கியர், அதே உள்ளங்கை. தாளில் இருந்தது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, எந்தக் குறையும் இல்லை.

ஏப்ரலில் முதல் வெயில் அடித்தது. ஒரு மதியம், 20 டிகிரி. சிக்னலில் பச்சை விழுந்து மூன்றாவது கியரைப் போட்டு அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தியது காலுக்குத் தெரிகிறது, காருக்குத் தெரியவில்லை. ஆயிரத்தொன்று என்று ஒருமுறை சொல்லி முடிக்கும் நேரம், ஒரு நொடி. நான் பயந்து இன்னும் ஆழமாக அழுத்தினேன். அப்போது தூக்கிவாரிப் போட்டதுபோல் மொத்தமாக இழுத்தது. பின்னால் வந்தவர் ஏற்கெனவே ஹாரன் அடித்திருந்தார்.

அடுத்த சில நாட்களில் இதை நான் கவனித்துக் கவனித்து மனப்பாடம் செய்துவிட்டேன். ரவுண்டானாவிலிருந்து வெளியே வரும்போது அந்த வெற்றிடம் வரும். லாரிக்குப் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு இடைவெளி கிடைத்ததும் முந்தப் பார்த்தால் வரும். 1,300இலிருந்து 1,700 சுற்றுக்குள்தான் இந்தக் கூத்து. 2,000ஐத் தாண்டிவிட்டால் பழைய கார். உல்ம் போகும் நெடுஞ்சாலையில், ஆல்ப் மலைச் சரிவில், ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்து ஏற்றினால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. சிறிய, மென்மையான கேள்விகளுக்குத்தான் கார் பதில் சொல்ல மறுத்தது.

பட்டறைக்குப் போனேன். சர்வீஸ் ஆலோசகர் கணினியைப் பார்த்தார், பிழைக் குறி எதுவும் இல்லை என்றார். மென்பொருள் மாற்றிய பிறகுதான் இப்படி என்றேன். எப்போது மாற்றினோம் என்று கேட்டார். நவம்பர். இப்போது ஏப்ரல். ஐந்து மாதம் நன்றாக ஓட்டிவிட்டு இப்போது வந்து சொல்கிறீர்களே என்ற பார்வை அவர் முகத்தில் தெரிந்தது. நான் விடாமல் நின்றதால், காரை உருளைகள் மேல் ஏற்றி சக்தியை அளந்து காட்டினார்கள். தாளில் வளைகோடு அழகாக ஏறி இறங்கியது. விற்ற அன்று சொன்ன சக்தி அப்படியே இருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் கூடவே. "பாருங்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. டீசல் பற்றி இவ்வளவு செய்தி வருகிறதல்லவா, மனம் அதையே நினைத்துக்கொள்ளும்" என்றார். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். அதற்கு வழியில்லை என்றார்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். என் காலைவிட அந்த வளைகோட்டைத்தான் ஊர் நம்பும் என்று தெரிந்தது. அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் நானே என்னைக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

ஜூனில் அப்பா வந்தார். அப்பா நாமக்கல்லில் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலை வழித்தடத்தில் பல வருடம். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதை அது. எந்த வளைவில் எந்த கியர் என்பது அவருக்கு யோசனையில் இல்லை, இடது கையில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மேட்டுச் சிக்னலில் கிளம்பி மூன்றாவது போட்டதும் பேச்சை நிறுத்தினார்.

"கண்ணு, வண்டிக்கு மூச்சு முட்டுதே. ஏர் ஃபில்டர் மாத்தி எத்தன நாளாச்சு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு மாதமாக மனப்பிரமை என்று கேட்டவனுக்கு அந்த ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். இத்தனைக்கும் ஏர் ஃபில்டர் புதிதுதான். அப்பா சொன்ன காரணம் தவறு. சொன்ன நோய் மிகச் சரி. வண்டிக்கு உண்மையிலேயே மூச்சு முட்டிக்கொண்டுதான் இருந்தது.

அந்த மூச்சு எப்படி முட்டுகிறது என்பதை நான் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். டீசல் என்ஜினுக்குள் எரியும் சூடு மிக அதிகம். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகின்றன. சூட்டைக் குறைத்தால் அது குறையும். சூட்டைக் குறைக்க ஒரு பழைய உபாயம் உண்டு: வெளியே போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, மறுபடியும் சிலிண்டருக்குள்ளேயே விடுவது. அதைச் செய்யும் வால்வுக்கு ஈஜிஆர் என்று பெயர். போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு விட்ட மூச்சையே திரும்ப இழுப்பதுபோல. ஏற்கெனவே எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அதனால் நெருப்பு கொஞ்சம் சோம்பலாக எரியும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். மெதுவாக ஓடும்போது உள்ளே போவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இந்தத் திரும்பிய புகையாக இருக்கலாம்.

இப்போது அந்த நிலையில் நான் ஆக்ஸிலரேட்டரைத் தொடுகிறேன். கூடுதல் டீசல் வேண்டும். டீசல் எரியக் கூடுதல் காற்று வேண்டும். சிலிண்டருக்குள் பாதி புகை நிற்கும்போது டீசலை ஊற்றினால் கரும்புகைதான் கக்கும். அதனால் கம்ப்யூட்டர் டீசலைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. முதலில் ஈஜிஆர் வால்வு மூட வேண்டும். பிறகு குழாய்களில் தங்கிய புகை தீர்ந்து நல்ல காற்று வர வேண்டும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ சுழல வேண்டும். அதைச் சுழற்றுவதும் வெளியேறும் புகைதான், அதில் ஒரு பங்கை ஈஜிஆர் ஏற்கெனவே திருப்பி எடுத்துக்கொண்டிருந்தது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் எனக்குரிய டீசல் எனக்குக் கிடைக்கும். நான் எண்ணிய ஆயிரத்தொன்று இந்த வரிசைதான். பழைய மென்பொருள் ஈஜிஆரைச் சாலையில் சும்மா பேருக்குத் திறந்து வைத்திருந்தது. புதியது உண்மையாகத் திறந்தது.

அப்படியானால் பட்டறைக்காரர் காட்டிய வளைகோடு பொய்யா? இல்லை. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி தணிந்தது. உருளைமேல் சக்தியை அளக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடிப்பார்கள். முழு மிதியில் ஈஜிஆர் மூடிவிடும். அங்கே பழைய மென்பொருளும் புதியதும் ஒன்றுதான். அதிகபட்ச சக்தி, அதிகபட்ச டார்க் என்று கையேட்டில் இருக்கும் எண்கள் எல்லாம் அந்த முழு மிதியில் பிறந்தவை. நானோ வருடத்தில் எத்தனை முறை தரையோடு மிதிக்கிறேன்? என் ஓட்டம் முழுக்க ஒரு விரல் கனம், இரண்டு விரல் கனம். ஓட்டும் சுகம் என்று நாம் சொல்வது அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கையேட்டில் ஒரு எண் கிடையாது. எண் இல்லாததால் மாற்றமும் இல்லை என்று எழுதிவிட முடிகிறது. தாள் பொய் சொல்லவில்லை. நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னது.

எண்ணாகப் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு சிறியதாகத் தெரியும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2015 அக்டோபரில், பொருள்களைச் சோதித்து எழுதும் அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் ஒரு வேலை செய்தது. ஃபோக்ஸ்வாகனின் ஒரு 2011 ஜெட்டா டீசல் காரைச் சோதனைக்கூட உருளைமேல் இருப்பதாக நம்பவைத்து, அந்தச் சுத்தமான நிலையிலேயே வெளியே ஓட்டிப் பார்த்தார்கள். மணிக்கு 60 மைல் எட்ட 9.9 விநாடி எடுத்த கார் இப்போது 10.5 விநாடி எடுத்தது. நெடுஞ்சாலையில் ஒரு கேலனுக்கு 50 மைல் கொடுத்தது 46 ஆயிற்று. 0.6 விநாடிதானே என்று தோன்றும். அது முழு மிதியில் 60 மைல் வரைக்கும் பரவிய 0.6 விநாடி. அதில் பாதி ஒரே இடத்தில், ரவுண்டானா வாசலில், குறுக்கே ஒரு பேருந்து வரும்போது வந்து நின்றால் எப்படி இருக்கும் என்பதை எந்த அட்டவணையும் காட்டாது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் உறைத்த இடம் வேறு. 2017 ஜனவரியில் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்க நீதித்துறையிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, நடந்தவற்றைச் சொல்லும் ஓர் ஆவணம் வெளியானது. அதில் ஒரு தகவல்: 2012 வாக்கில் அமெரிக்கச் சாலைகளில் சில கார்களின் பாகங்கள் பழுதாகத் தொடங்கின. என்ஜினியர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். கார் தவறுதலாகச் சாலையிலும் சோதனை நிலையிலேயே ஓடுகிறதோ என்று சந்தேகப்பட்டார்கள். அந்த நிலையில் நெடுநாள் ஓட அந்தக் கார் வடிவமைக்கப்படவே இல்லை. அதனால் ஸ்டியரிங் திரும்பும் கோணத்தையும் கவனிக்கும்படி மென்பொருளைக் கூர்மையாக்கினார்கள். உருளைமேல் நிற்கும் காரில் யாரும் ஸ்டியரிங்கைத் திருப்ப மாட்டார்கள், சாலையில் திருப்புவார்கள். அந்த மோசடிக்கு உள்ளுக்குள் அவர்கள் வைத்திருந்த பெயர்களில் ஒன்று, ஒலிச் செயல்பாடு.

இதைப் படித்தபோது நான் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுத்தமாக ஓடினால் தாங்காது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் எல்லாக் கார்களையும் பிற்பாடு ஒரு கேபிளைச் செருகிச் சுத்தமாக்கும்போது, ஓட்டுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது என்று எப்படி எழுத முடிந்தது?

இந்த மோசடி வெளிவந்த வழியும் சாலைதான். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேன் கார்டர் தலைமையில் ஒரு சின்னக் குழு, காருக்குப் பின்னால் புகை அளக்கும் கருவியையும் ஜெனரேட்டரையும் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவில் ஓட்டியது. ஃபோக்ஸ்வாகனின் பஸாட் காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டுபோய்த் திரும்பினார்கள். 2014இல் வெளியான முடிவில் ஜெட்டா அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விட்டது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்றொருவர் இருந்தார். அந்தப் பெயரைச் செய்தியில் முதன்முதலாகப் பார்த்த நாளில், அலுவலகத்தில் பக்கத்து மேசை ஜெர்மானியரைக் கூப்பிட்டு, இது எங்கள் ஊர்ப் பெயர் என்று காட்டினேன்.

சரி, என் காருக்கு வருகிறேன். மூச்சு முட்டுவதோடு விஷயம் முடியவில்லை. நெருப்பைச் சோம்பலாக்கினால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், ஆனால் கரி கூடும். விறகடுப்பில் ஊதுகுழலை எடுத்துவிட்டால் புகை மண்டுவதுபோல. கூடிய கரி டிபிஎஃப் என்ற வடிகட்டியில் போய் அடைகிறது. அது நிரம்பினால் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசல் பீய்ச்சி, வடிகட்டியை 600 டிகிரி சூட்டுக்குக் கொண்டுபோய்க் கரியை எரிக்கும். அது எரியும்போது நின்ற இடத்திலேயே என்ஜின் 800க்குப் பதில் 1,000 சுற்றில் உறுமும். காரை நிறுத்திச் சாவியை எடுத்தாலும் மின்விசிறி நிற்காது. கேரேஜில் இஸ்திரிப்பெட்டி துணியில் அதிக நேரம் நின்றதுபோல் ஒரு சூட்டு வாடை. முன்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்த அந்த வாடை, 2019 கோடையில் வாரம் தவறாமல் வந்தது. மேலே வீட்டில் மனைவி, கீழே ஏதோ கருகுகிறது என்று இரண்டு முறை என்னை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள்.

2020இல் ஈஜிஆர் வால்வே சிக்கிக்கொண்டது. கழற்றியதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மெக்கானிக் இளைஞர், நல்லவர், ஒரு துணியில் வைத்துக் காட்டினார். உள்ளே விரல் நுழையும் அளவு இருந்த துளை பென்சில் நுழையும் அளவுக்கு வந்திருந்தது. கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, பனங்கருப்பட்டிப் பாகு ஆறிய பதத்தில் ஒரு கறுப்புப் படிவு. நகத்தால் சுரண்டினேன், பிசுபிசுவென்று ஒட்டியது. வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. செலவு என்னுடையது. மென்பொருளுக்கும் வால்வுக்கும் தொடர்பு இல்லை என்று கடிதம் வந்தது. அந்த வால்வை அத்தனை நேரம் திறந்து வைத்து வேலை வாங்கியதே அந்த மென்பொருள்தான் என்று நான் பதில் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

இதற்கிடையில் ஒருவர் எனக்கு வழி சொன்னார். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு மணி நேரம், சில நூறு யூரோ. இன்னும் கொஞ்சம் கொடுத்தால் ஈஜிஆரையே நிரந்தரமாக மூடிவிடுவார்களாம். அந்த உள்ளங்கை திரும்பக் கிடைக்கும். இது சட்டவிரோதம், காரின் இயக்க அனுமதியே போய்விடும். அதை விடுங்கள், சட்டம் மட்டும் தடுத்திருந்தால் நான் போயிருப்பேனோ என்னவோ. ஒரு நாள் மகளை மழலையர் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு நெக்கார்டோர் வழியாக நடந்தேன். காற்றை அளக்கும் பெட்டியைக் காட்டி, இது என்ன அப்பா என்று கேட்டாள். காற்று எவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று பார்க்கும் பெட்டி என்றேன். அதன் பக்கத்தில் நின்று மூச்சை நன்றாக இழுத்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். நைட்ரஜன் ஆக்சைடில் அதுதான் சிக்கல். கரும்புகை என்றால் கண்ணுக்குத் தெரியும், அப்பா ஓட்டிய பேருந்தின் பின்னால் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இது தெரியாது. மூன்றாவது கியரில் நான் அனுபவித்த அந்தச் சுகம் இந்தத் தெரியாத புகையால்தான் வாங்கப்பட்டது. அதை நான் திரும்பக் கேட்க மாட்டேன்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. கடிதத்தில் ஒரே ஒரு வரி. குறைந்த சுற்றில், லேசாக மிதிக்கும்போது, கார் முன்பைவிடத் தாமதமாகப் பதில் சொல்லலாம்; ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள். இதை எழுதியிருந்தால் நான் அப்போதும் நவம்பர் செவ்வாய்க்கிழமை காரைக் கொண்டுபோயிருப்பேன். ரவுண்டானா வாசலில் ஒரு பேருந்துக்கு முன்னால் திகைத்து நின்றிருக்க மாட்டேன். மனப்பிரமை என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்க மாட்டேன். காற்றுக்காக மக்கள் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். எடுத்துக்கொண்டு, எடுக்கவே இல்லை என்று சொன்னால்தான் கசக்கிறது. அந்தக் கசப்பு கடைசியில் சுத்தமான காற்றின் மேலேயே திரும்புகிறது. என்னோடு வேலை செய்யும் எத்தனையோ பேர், இந்த மாசுக்கட்டுப்பாடே ஏமாற்று வேலை என்று பேச ஆரம்பித்தது இப்படித்தான்.

ஒரு புதிர் மட்டும் எனக்கு மூன்று வருடம் அவிழவில்லை. நவம்பரில் மாற்றிய மென்பொருள் ஏப்ரல் வரை எங்கே போயிருந்தது? அடுத்த குளிர்காலத்தில் காரின் பழைய சுகம் தானாகத் திரும்பி வந்தது, வெயில் வந்ததும் மறுபடி போனது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, டர்போவுக்கு நல்லது, அதனால் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மென்பொருள் மாற்றுவதற்கு முன்பு எத்தனையோ கோடையில் ஓட்டியிருக்கிறேன், இந்த வித்தியாசம் இருந்ததில்லை. கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்தேன். வைன்ஷ்டைக சிக்னலைத் தாண்டியதும் வெளி வெப்பநிலையையும், நல்லது அல்லது மோசம் என்று ஒரு வார்த்தையையும் குறிப்பேன். 4 டிகிரி, நல்லது. 9, நல்லது. 11, நல்லது. 19, மோசம். 24, மோசம்.

2022 ஜூலை 14 அன்று லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம், ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஃபோக்ஸ்வாகன் வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கார்களின் மென்பொருளில் ஒரு வெப்பச் சாளரம் இருந்தது: வெளியே 15 முதல் 33 டிகிரிக்குள், அதுவும் 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருந்தால்தான் ஈஜிஆர் முழுதாக வேலை செய்யும். மற்ற நேரத்தில் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் வருடத்தின் பெரும்பகுதி முழுதாக வேலை செய்யாத ஒரு கருவியை, என்ஜினைக் காப்பாற்ற என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். பழைய சோதனைக்கூட விதிப்படி அறையின் வெப்பம் 20 முதல் 30 டிகிரி. சாளரம் அதைச் சுற்றி எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். இப்படிச் சாளரம் வைத்தது ஒரு நிறுவனம் மட்டுமல்ல. அந்தத் தலைமுறை டீசல்களில் அது வழக்கமாகவே இருந்தது.

அலுவலகத்தில் மதிய இடைவேளையில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, கீழே இறங்கிப் போய், காரிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில், இரண்டு வருடத்துக் குறிப்பில், நல்லது என்பதும் மோசம் என்பதும் கோடு போட்டதுபோல் பிரிந்து நின்றன. கோடு விழுந்த இடம் 14க்கும் 16க்கும் நடுவில்.

அன்று மாலை அப்பாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் விளக்கினேன். திருப்பி விடும் புகை, வால்வு, 15 டிகிரி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னணியில் நாமக்கல் சாலையில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் வெயில் காலத்துல வந்ததாலதான் கண்டுபுடிச்சேன்" என்றார். "பனிக்காலத்துல வந்திருந்தா வண்டி நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

"ஆமாங்கப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இப்ப அங்க எத்தன டிகிரி கண்ணு?"

"இருபத்தாறு."

"அப்ப மூணாவதுக்குப் போகாத. ரெண்டாவதுலயே ஏத்து."